பெயர் எழுதாத கூடாரம்

சென்ற மாதக் கூட்டத்துக்கு என்னை மரியாதையாக அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். சால்வை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் போட்டீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. அதை விடுங்கள். கூட்டம் முடிந்து மீகூன் சாப்பிடும்போது புதிய செயலாளர் தம்பி என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"சங்கம் நல்லா வேலை செய்யுதுக்கா. ஆனா கூடாரத்துல பேரு இல்ல. மரணச் செய்தி போஸ்டர்ல லோகோவைத் தேட வேண்டியிருக்கு. அதுவும் லேட்டா வருது. மத்த சங்கமெல்லாம் பத்து நிமிஷத்துல போட்டுடுறாங்க. இப்படி இருந்தா நாம இருக்கிறதே யாருக்குலா தெரியும்?"

நியாயமான கேள்வி. பத்து வருடங்களுக்கு முன்னால் நானாக இருந்தால் இதைவிடச் சத்தமாகக் கேட்டிருப்பேன். மீகூன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். புதிய நிர்வாகத்தில் உள்ள எல்லோரும் படியுங்கள். என்னுடைய தவறு ஒன்றைப் பற்றியது என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நம் சங்கம் எதற்காகத் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பானபோது எங்கள் குடும்பங்கள் தங்கா பத்து, சுங்கை ஊடாங், கோலா சுங்கை பாரு என்று சிதறின. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் கூடாரம், நாற்காலி, ஐஸ் பெட்டி, பெரிய அடுப்பு, உதவிக்கு ஆள் என்று எதற்கும் அந்தக் குடும்பம் அலையக் கூடாது என்பதுதான் நோக்கம். முதல் கூடாரத் துணியை மலாக்கா டவுனிலிருந்து வாங்கி வந்தவர் தங்கா பத்து பெருமாள் அண்ணன். அவரும் நாங்களும் தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் இருந்தவர்கள். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவி சரசுவை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அவர்கள் பிள்ளைகள் சேகருக்கும் கவிதாவுக்கும் நான் அத்தை. ஆமாம், உங்களுக்குத் தெரிந்த அதே கவிதாதான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னைச் செயலாளர் ஆக்கியபோது சாவுக் காரியம் பார்க்கிற சங்கத்துக்குப் பொம்பளையா என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவள் நான். மணிக்கு எத்தனை உருப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மொழி. பாடையைத் தூக்க மாட்டேன், ஆனால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

அந்தச் சமயம் பக்கத்து வீடமைப்புத் தாமானில் இன்னொரு சங்கம் முளைத்தது. எங்கள் உறுப்பினர்கள் சிலர் அங்கே போனார்கள். பெயர் பரவாவிட்டால் ஆள் வராது என்று நினைத்தேன். கூடாரத்தின் நான்கு பக்கத் துணியிலும் சங்கத்தின் பெயரைச் சிவப்பு எழுத்தில் அடிக்க வைத்தேன். தொண்டர்களுக்கு முதுகில் பெயர் போட்ட டீ-சட்டை. எல்லாவற்றுக்கும் மேலாகப் போஸ்டர். இறந்தவர் படத்தைச் சுற்றிப் பூ வைத்து, மேலே சங்கத்தின் லோகோ, கீழே நிர்வாகத்தினர் பெயர்கள், தொடர்புக்கு என் கைப்பேசி எண். செய்தி கிடைத்ததும் படத்தை மட்டும் பொருத்தி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுவேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பிடித்தது. அலோர் காஜா வரைக்கும் போஸ்டர் சுற்றியது. பத்துப் போஸ்டர் போனால் நான்கு பேராவது சங்கத்தில் சேருவதைப் பற்றி விசாரித்தார்கள். எங்கள் போஸ்டர்தான் முதலில் வர வேண்டும் என்பதில் நான் குறியாக இருந்தேன். யாரோ ஒருவருடைய சாவு என்பது எனக்கு மெல்ல மறந்துகொண்டிருந்தது என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அப்படி இருந்தபோது பெருமாள் அண்ணன் ஒரு நாள் விடியற்காலையில் வீட்டிலேயே இறந்துபோனார். மாரடைப்பு. எட்டரை மணிக்குச் சங்கத் தலைவர் எனக்குப் போன் செய்து, சேகர் கூடாரம் கேட்டிருக்கிறான், லாரியை அனுப்புகிறேன் என்றார். அண்ணன் போனது எனக்குப் பெரிய அடிதான், பொய் இல்லை. ஆனால் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. குடும்ப தினத்தில் எடுத்த படத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அதை வெட்டிப் பொருத்தினேன். பதினோரு நிமிடத்தில் போஸ்டர் வெளியே போய்விட்டது. அவ்வளவு வேகமாக அதுவரை நான் போட்டதே இல்லை.

நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் செத்துப்போனதைப் போனில் சொல்ல மாட்டோம். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கெளம்பி வா" என்போம். வாசலுக்கு வந்து இறங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். சேகரும் அதைத்தான் செய்திருந்தான். ஜொகூர் பாருவில் இருந்த கவிதா ஆறு வயது மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். கணவர் கப்பல் வேலையில் கடலில். நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாள். இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை.

சேகர் போன் செய்தான். அவ்வளவு பதற்றமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. போஸ்டரை உடனே எடுங்கள், தங்கச்சி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், கேட்டால் அது வேறு யாரோ என்று சொல்லிவிடுங்கள் என்றான். நான் எங்கள் குழுவில் அழித்தேன். அதற்குள் அது எத்தனை குழுவுக்குப் போயிருந்தது என்று யாருக்குத் தெரியும். சேகர் வைத்த அடுத்த நிமிடம் புதிய எண்ணிலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது.

"இந்தப் போஸ்டர்ல இருக்கிறவரு என்னோட அப்பா. இது உண்மையா?"

பின்னால் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது. போஸ்டரில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள், அது யாருடைய எண் என்று தெரியாமலேயே. பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது. பின்சீட்டில் குழந்தை கார்ட்டூன் பார்ப்பதற்காகக் கைப்பேசியை வைத்திருந்தது. "அம்மா, தாத்தா போட்டோ வந்திருக்கு, பூவெல்லாம் வெச்சி" என்று அது சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நெருக்கடியில் ஒரே ஒரு விநாடிதான் யோசிக்கக் கிடைக்கும். பொய் சொல்லுங்கள் என்று குடும்பம் கேட்டிருக்கிறது. இல்லை என்று சொன்னால் அவள் மறுபடியும் வண்டியை எடுப்பாள், நம்பியும் நம்பாமலும் ஓட்டுவாள், வழியெல்லாம் இன்னும் பத்துப் பேர் அனுதாபம் சொல்லிச் செய்தி அனுப்புவார்கள். ஆமாம் என்று சொன்னால் அங்கே அவளைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. நான் ஆமாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் அதை முதலில் சொல்லவில்லை.

"கவிதா, நான் அத்தை பேசறேன். வண்டியை நிறுத்திட்டியா?"

"ஓரமா நிறுத்திட்டேன் அத்தை. பாகோ தாண்டி."

"என்ஜினை அணைச்சிடு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. நின்னதும் சொல்லு."

கதவு சாத்தும் சத்தமும் புல்லில் நடக்கும் சத்தமும் கேட்டன. நின்றுவிட்டேன் என்றாள்.

"ஆமாம்மா. காலையில போயிட்டாரு. வலியில்லாமப் போயிட்டாரு."

அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பிறகு குழந்தை ஏதோ கேட்டது, அதற்கு அவள் பதில் சொன்னாள். நீ அங்கேயே இரு, நாங்கள் வருகிறோம் என்றேன். என் கணவரின் போனிலிருந்து நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குச் சொன்னோம். ரோந்து வண்டி வரும்வரை நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அவள் காரையும் ஓட்டி வர ஆள் வேண்டும் என்பதால் கணவரும் என்னோடு வந்தார். நான்தான் ஓட்டினேன். ஆயர் குரோ தாண்டி வேகமானியைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் பதினோரு நிமிஷம்தானா?" என்றார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை, பேசினால் இப்படித்தான். வேகத்தைக் குறைத்தேன். ரோந்துக்காரர்கள் கவிதாவைத் தங்காக் டோல் வரை மெதுவாகக் கூட்டி வந்து எங்களிடம் விட்டார்கள். அவள் குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, என் காரில் முன்சீட்டில் ஏறி வெளியே பார்த்தபடி வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

நண்பகலுக்குத் தங்கா பத்து வந்து சேர்ந்தோம். சாவு வீட்டு வாசலில் கூடாரம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பெண்கள் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நம் லாரி கூடாரத் துணியும் நாற்காலியுமாகத் தாமான் சிம்பாங்கில், அந்தச் சாலைச் சந்திப்பு மரத்தடியில் ஒதுங்கி நின்றது.

எனக்குத் தலைவர் மேல் கோபம் பொங்கியது. ஓரமாக அழைத்து என்ன இது என்று கேட்டேன். பாதி கட்டியிருந்த கூடாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகும்படி சேகர் சொல்லிவிட்டானாம். எங்க அப்பாவை வைத்து விளம்பரம் செய்தது போதும் என்றானாம். நீங்கள் எடுத்துச் சொல்லக் கூடாதா, வெயிலில் ஜனங்கள் நிற்கிறார்களே என்று நான் பொரிந்தேன். தலைவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது அவங்க வீடும்மா" என்று மட்டும் சொன்னார். ஆனால் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நம் ஆட்கள் டீ-சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

சாவு வீட்டிலிருந்து நம் சங்கத்தை வெளியே அனுப்பியது அதுவரை நடந்ததே இல்லை. அண்ணன் வாங்கிய கூடாரத்தை அண்ணன் வாசலில் போட முடியவில்லை. மற்ற வீடுகள் இனி நம்மைக் கூப்பிடுமா என்பதைவிட, சரசு அண்ணியை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்பதுதான் என்னைத் தின்றது. வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றேன்.

கவிதா நேரே உள்ளே போனாள். அழுகைச் சத்தம் எழுந்து அடங்க வெகு நேரமானது. பிறகு அவள் வாசலுக்கு வந்து வெயிலில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். சிம்பாங்கில் நின்ற லாரியைப் பார்த்தாள். தன் அண்ணன் சேகரிடம் திரும்பினாள்.

"கூடாரத்தைப் போடச் சொல்லுண்ணே. அது அப்பா வாங்கினது."

சேகர் என்னைப் பார்க்காமலேயே தலைவரிடம் சொன்னான். "போடுங்க. பேரு வேணாம்."

பக்கத் துணிகளை அவிழ்த்துத் திருப்பி, எழுத்து உள்பக்கம் போகும்படி கட்டினோம். ஆனாலும் வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து இடம்வலம் மாறி நிழலாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அன்று முழுக்க நாற்காலி போட்டேன். மின்சுடலையில் எல்லாம் முடிந்த மறுவாரம் அந்தத் துணிகளைக் கழற்றிவிட்டுப் பெயரில்லாத துணி தைக்கக் கொடுத்தேன். செயற்குழுவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வருடம் நான்கைந்து குடும்பங்கள் விலகின. தடுக்கவில்லை. நான் பதவி விலகுகிறேன் என்றபோது தலைவர், ஓடிப்போவதற்கு முன்னால் இதைச் சரிபண்ணிவிட்டுப் போங்கள் என்றார். அப்படித்தான் நீங்கள் இப்போது பார்க்கிற வழக்கம் வந்தது. மரணச் செய்தி வந்ததும் குடும்பத்தில் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். யாருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது? யாருக்கு இன்னும் சொல்லவில்லை? அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? கடைசி ஆளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் போஸ்டர். அதில் முதலிடம் இறந்தவர் முகத்துக்கு. லோகோ மூலையில் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தால் போதும்.

தம்பி கேட்டது விளம்பரத்தைப் பற்றி. விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கூச்சப்பட்டுக்கொண்டு சங்கம் நடத்த முடியாது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோமே, அங்கே பெயரை யானை அளவுக்கு எழுதுங்கள். இரத்த தான முகாமில், பெரியவர்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும் இடத்தில், தீபாவளி அன்பளிப்பில், எங்கே ஜனங்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்களோ அங்கெல்லாம் எழுதுங்கள். படம் எடுங்கள், குழுவில் போடுங்கள், யாராவது சலித்துக்கொண்டால் இன்னும் இரண்டு சேர்த்துப் போடுங்கள். அங்கெல்லாம் நான் இன்றைக்கும் வேகத்தின் கட்சிதான். அழுகிற வாசலில் மட்டும் நம் பெயர் வேண்டாம்.

கவிதா இரண்டு வருடம் கழித்து அம்மாவோடு இருக்கத் தங்கா பத்துக்கே வந்துவிட்டாள். ஒரு நாள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். போஸ்டர் வேலையை யார் பார்ப்பது என்று தலைவர் கேட்டபோது கையைத் தூக்கினாள். நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையது.

இதுவரை சொன்னதெல்லாம் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்த கதை. இனிச் சொல்வது கவிதாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நீங்கள் பொறுப்பேற்பதற்கு முந்தைய வருடம் என் கணவர் மலாக்கா மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பெர்த்தில் இருக்கும் மகனுக்குச் சொல்லி அவன் விமானம் ஏறினான். அவன் வானத்தில் இருக்கும்போது அவர் போய்விட்டார். உடல் வீட்டுக்கு வர மாலையாகும் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இறங்கிய உடனே மகன் கூப்பிட்டான். அப்பா எப்படிம்மா இருக்கிறார் என்று கேட்டான்.

"அப்படியேதான் இருக்காருடா. நீ வா" என்றேன்.

கவிதாவிடம் உண்மையைச் சொன்னவள் நான். அந்தப் பெருமையில் அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு, இப்படிப் பொய் சொல்லாதீர்கள், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள் என்று அறிவுரை சொன்னவள். என் முறை வந்தபோது என் வாயில் அதே பொய் எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. அவன் டாக்ஸியில் தனியாக வருகிறான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

போனை வைத்த சற்று நேரத்தில், சங்கத்துக்கு வந்த செய்தியைக் கேட்டுக் கவிதா கூப்பிட்டாள். அழுதாள், பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"அத்தை, யாருக்கு இன்னும் சொல்லல?"

மூன்று கேள்விகளை எழுதியவள் நான்தான். ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்படிக் கேட்கும்போது ஒரு மனுஷிக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மகனுக்குச் சொல்லவில்லை, கேட்டான், பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"சரி அத்தை. தம்பி வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் போஸ்டர் போகாது. கூடாரமும் போட மாட்டோம். தூரத்திலேருந்து பார்த்தாத் தெரிஞ்சிடும்ல. லாரி சிம்பாங்குல நிக்கும்."

மகன் வந்தபோது வாசல் எப்போதும் போல இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மருத்துவமனைக்குப் போகாமல் நீ ஏம்மா வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டான். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து நானே சொன்னேன். அவன் என் மடியில் விழுந்து அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருவரும் எழுந்து வெளியே வந்தபோது கூடாரம் நின்றுகொண்டிருந்தது. நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு கம்பி விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மலாய்க்கார அம்மா, வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பெரிய ஜாடியில் சர்பத் கொண்டுவந்து வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எந்தக் கம்பெனி செய்தது என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். அத்தனை வருடம் சங்கத்தின் பெயரைத் துணியிலும் சட்டையிலும் காகிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

"ஓராங் காமி" என்றேன். எங்கள் ஆட்கள். சங்கத்தின் பெயரைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவே இல்லை.